ரேடியோ சித்தி சேர்த்துவிட்ட லைன்

சித்திக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது சித்தப்பாதான். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "காலையில கண்ணு முழிச்சதும் ஆரம்பிக்குதுங்க. ஸ்டேஷன் மாத்தவும் வழியில்ல, சத்தத்தைக் குறைக்கவும் வழியில்ல" என்றாராம். சித்தி அசரவில்லை. "பேட்டரி என்ன உங்க வீட்டுலருந்தா வருது?" என்று கேட்டாளாம். பெயர் ஒட்டிக்கொண்டது. சித்தப்பா வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க வண்டியில் தனியாக இருந்துவிட்டு வருபவருக்கு, வீட்டில் அந்த ரேடியோ ஓடாவிட்டால் சோறு இறங்காது. அதை மட்டும் அவர் வாயால் சொல்ல மாட்டார்.

பேசியே பிழைத்தவள் சித்தி. முதல் வேலை ஒரு பெரிய கடையில், மைக்கில் அறிவிப்பு. தொலைந்துபோன குழந்தை, மறந்துவிட்டுப் போன குடை, குறுக்கே நிறுத்திய வண்டி எல்லாம் அவள் குரலில்தான் ஒலித்தன. குழந்தையைத் தேடி வரும் அம்மாக்களை அவள் மைக்கிலேயே திட்டிவிடுகிறாள் என்று புகார் வந்ததால் அங்கிருந்து வெளியே வந்தாள். பிறகு பல வருடம், துணி துவைக்கும் மிஷின் செய்யும் கம்பெனியில் புகார் போன்களை எடுக்கும் வேலை. அங்கேதான் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சிலர் கோளாறே இல்லாமல் கூப்பிடுவார்கள். "மிஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனாலும் சத்தம் சரியா இருக்கான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்" என்று போனைக் கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் வைப்பார்கள். சித்தி கேட்பாள். தண்ணீர் இறங்கி, சுற்றி, நிற்கும்வரை கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க" என்பாள். அப்புறம் கம்பெனிக்காரர்கள் அந்த நாற்காலியில் பதிவுசெய்த குரலை உட்கார வைத்துவிட்டார்கள். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்.' மிஷின் சத்தத்தை அந்தக் குரலிடம் யாரும் கேட்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேர்தல் ஆபீஸ் வேலை அதற்குப் பிறகு வந்தது. கட்சி ஆபீஸ் என்று சொல்ல முடியாது. கட்சிக்காக வாக்காளர்களைப் போனில் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் ஆபீஸ். குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேல் மாடி. திறக்க வராத ஜன்னல்கள், அட்டைத் தடுப்பு வைத்த மேஜைகள், தலைக்கு ஒரு ஹெட்செட். கம்ப்யூட்டரே நம்பரைப் போடும். எதிரே ஆள் எடுத்ததும் என்ன பேச வேண்டும் என்பது ஸ்கிரீனில் வரும். சித்திக்கு அந்தக் கட்சியும் ஒன்றுதான், அடுத்த கட்சியும் ஒன்றுதான். "நான் என்ன அவங்களையா கட்டிக்கப் போறேன்? குரலைக் கேக்குறாங்க, குடுக்குறேன்" என்று சொல்லித்தான் சேர்ந்தாள்.

ஸ்கிரீனில் வரும் முதல் கேள்வி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர்களின் பெயர் தெரியுமா?" இதைவிட நல்லபடியாக ஒரு பேச்சை ஆரம்பிக்க முடியுமா என்று நினைத்தாள். தெரியும் என்று சொன்னால், ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று சாதாரணப் பக்கம் வரும். தெரியாது என்றால் வேறொரு பக்கம். "உங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் யார், எவர் என்றே தெரியாமல் இருப்பது கவலையாக இல்லையா?"

சூப்பர்வைசர் இளவயசுக்காரன். சித்தி அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் சார் என்று கூப்பிடும்போது இவள் மட்டும் தம்பி என்பதில் அவனுக்குக் கூச்சம், கொஞ்சம் சந்தோஷமும்கூட. அவன்தான் விளக்கினான்.

"தெரியாதுன்னு சொல்றவங்கதான் அக்கா நமக்கு முக்கியம். மத்தவங்க பாதியிலேயே வெச்சிடுவாங்க. இவங்க வைக்க மாட்டாங்க."

"ஏன் வைக்க மாட்டாங்க?"

"வெச்சிட்டு யார்கிட்ட பேசப்போறாங்க?"

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த ஆபீஸின் தொழில் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருந்தது. நமக்கெல்லாம் பயம் வரத்தான் செய்கிறது. மாடியில் ஏதோ சத்தம் கேட்கிறது, புது ஆள் ஒருவன் படியில் நிற்கிறான். உடனே வீட்டில் இருப்பவரிடம் சொல்கிறோம். அவர் "அட போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல" என்கிறார். பயம் அத்தோடு போய்விடுகிறது. "அட போங்க" என்று சொல்ல ஆள் இல்லாத வீடுகள் ஒரு நகரம் நிறைய இருந்தால், அங்கே யார் வேண்டுமானாலும் போன் போட்டு எந்தப் பயத்தையும் வளர்த்துக்கொள்ளலாம். உரம் தேவையில்லை.

அப்படி ஒரு வீட்டில் இருந்தவர்தான் என்ஜின்காரர். சரக்கு ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி இல்லை, மகள் வெகு தொலைவில். "வீட்டுல சத்தம் போடுறது ஃப்ரிட்ஜ் ஒண்ணுதாம்மா. அதுவும் நடுநடுவுல நின்னுடும்" என்று முதல் நாளே சொன்னார். சித்தி அவருக்குத் தினமும் போன் போட ஆரம்பித்தாள். அது ஆபீஸ் விதிதான். 'உறுதியாகும்வரை தொடரவும்.' பேசி முடித்ததும் அவர் வைக்கவே மாட்டார்.

"நீ அடுத்த ஆளோட பேசும்மா. லைனை மட்டும் வெட்டாத. நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன்."

அவர்கள் ஹெட்செட்டில் இரண்டு லைன் உண்டு. ஒன்றைக் காத்திருப்பில் போட்டுவிட்டு இன்னொன்றில் பேசலாம். காத்திருப்பவருக்குக் கட்சிப் பாட்டு ஒன்று ஓடும். என்ஜின்காரர் அந்தப் பாட்டைக் கேட்டபடி, காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, ஓரமாக இருப்பார். இடையிடையே சித்தி அவர் பக்கம் வந்து, "சார், இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன், இருக்கேன். உன் வேலையைப் பாரு" என்பார். ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று எந்தக் கட்சிக்கும் தோன்றியிருக்காது.

தேர்தல் நெருங்கியதும் ஸ்கிரீனில் புதிதாக ஒரு பக்கம் முளைத்தது. புதிதாகக் குடிவந்தவர்களைக் காலிசெய்யச் சொல்லி ஒரு மனு. கவலையாக இருக்கிறது என்று சொன்னவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கட்டடத்தில் ஒருவர் போட்டால் போதும், மனு அந்த வீட்டு முதலாளியிடம் போகும். தேர்தல் நேரத்தில் எந்த முதலாளி வம்பை விலைக்கு வாங்குவார்? குடியிருப்பவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என்ஜின்காரரின் எதிர் வீட்டில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் ஏகப்பட்ட செருப்பு கிடக்கிறது என்பது மட்டுமே அவர்களைப்பற்றி அவருக்குத் தெரிந்த விஷயம். சித்தி வேலையென்று நினைத்து, ஸ்கிரீனில் வந்ததை அப்படியே வாசித்தாள். வாசித்து முடிக்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"நீ சொன்னா சரிம்மா. எங்க போடணும்?"

சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் சொல்றது இருக்கட்டும் சார். உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணி என்ன ஆகப்போகுது? வெள்ளிக்கிழமை ஆளை அனுப்பு, போட்டுக் குடுத்துடறேன். நீ நாளைக்கும் போன் பண்ணுவ இல்ல?"

அன்று சாயங்காலம் வீட்டில் ரேடியோ ஓடவில்லை. சித்தப்பா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே. யாரு என்ன சொன்னா?"

சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், "இதுல என்ன கஷ்டம்? போடாதீங்கன்னு சொல்லிடு. முடிஞ்சுபோச்சு."

"சொல்லலாம். அதுக்கும் சரிம்மான்னுதான் சொல்லுவாரு. நான் வேலையை விட்டப்புறம் என் சீட்டுல வர்றவ போடச் சொன்னா அவளுக்கும் சரிம்மா. அதாங்க எனக்குப் பயம்."

"அப்ப அவருக்கு வேண்டியது நீ இல்ல."

"பின்ன?"

"சரின்னு சொல்ல முடியாதபடி ஒரு ஆள். எனக்கு வாய்ச்ச மாதிரி."

சித்தி தட்டை நங்கென்று வைத்தாள். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் நடந்ததை அவள் திட்டமிட்டுச் செய்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் அது ஒரு கைத்தவறு. என்ஜின்காரர் வழக்கம்போல ஓரமாக இருந்தார். அடுத்த லைனில் தையல்காரம்மா வந்தாள். அவள் வீட்டிலேயே மிஷின் போட்டுக் கடைகளுக்கு உடுப்புத் தைப்பவள். எதிர்க்கட்சி ஆள். ஆபீஸில் அவள் நம்பர் வந்தாலே பெண்கள் காதிலிருந்து ஹெட்செட்டைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் அவள் போனை எடுக்காமலே இருக்கலாம். ஒரு நாள்கூட எடுக்காமல் இருந்ததில்லை. திட்டுவதற்கென்றே எடுப்பாள், நிதானமாகத் திட்டுவாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

"முதல்ல உங்க தலைவர் மூஞ்சியை என் சுவத்துலருந்து கிழிக்கச் சொல்லு. ஜன்னலைத் திறந்தா அந்தப் பல்லு. மூடினாலும் கண்ணுக்குள்ளயே நிக்குது!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளைக் காத்திருப்பில் போடப்போன சித்தியின் விரல், பக்கத்துப் பொத்தானில் பட்டுவிட்டது. இரண்டு லைனும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

"யாரும்மா அது?" என்றது என்ஜின்காரரின் குரல். "வேலை பாக்குற பொண்ணுகிட்ட இப்படியா கத்துவாங்க?"

தையல் மிஷின் நின்றது. "நீங்க யாரு குறுக்க?"

"நான் ஓரமா இருக்கேன்."

"ஓரமா இருந்தா ஓரமாவே இருங்க! நடுவுல என்ன பேச்சு?"

சித்தி பிரிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. இத்தனை நாளில் என்ஜின்காரர் ஒருவரை மறுத்துப் பேசி அவள் கேட்டதே இல்லை. குரலே மாறியிருந்தது. தான் ரயில் என்ஜின் ஓட்டியதைச் சொல்லிக்கொண்டு அவர் கட்சியைப் பற்றிப் பேசினார், தையல்காரம்மா அதைக் கிழித்தாள். அவள் தலைவரைப் பற்றிச் சொன்னாள், அவர் சிரித்தார். பேச்சு சுற்றிச் சுற்றி மனுவில் வந்து நின்றது.

"எதிர் வீட்டுக்காரங்க மேல கையெழுத்துப் போடப்போறீங்களா? அவங்க பேரென்ன?"

"தெரியாது. தெரியாததுனாலதானே..."

"நீங்க நெசமாவே என்ஜின் ஓட்டினவரா? சிக்னலைப் பாக்காமதான் வண்டியை விட்டீங்களா?"

அவ்வளவுதான். "என் சர்வீஸ்ல ஒரு சிவப்பைத் தாண்டினது கிடையாது! துணி வெட்டுறவங்களுக்கு சிக்னலைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தியவர், போனை வைத்துவிட்டார். லைனை வெட்டாதே என்று கெஞ்சும் மனுஷன் தானே வெட்டிவிட்டார். ஒரு நல்ல மனுஷனை அவமானப்படுத்திவிட்டோமோ என்று அன்று முழுக்கச் சித்திக்கு மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் பயந்துகொண்டே அவர் நம்பரை எடுத்தாள். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அந்தத் தையக்காரம்மா இன்னிக்கு லைன்ல வருவாங்களா?"

தையல்காரம்மா அதற்கும் மேல். "அந்த என்ஜின் இருக்காரா? நேத்து பாதியில ஓடிட்டாரு. துணி வெட்டுறவங்கன்னாரே, அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன்."

இந்தத் தடவை சித்தியின் விரல் தவறவில்லை. தெரிந்தே சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ரேடியோ என்று பெயர் வாங்கியவளுக்கு அது லேசான வேலையில்லை. அவர்கள் கட்சியில் ஆரம்பித்து, ரயில் கட்டணத்துக்குப் போய், இப்போதைய துணி துவைத்தால் ஏன் சுருங்குகிறது என்பதில் வந்து நின்றார்கள். அதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வைக்கும்போது தையல்காரம்மா, "நாளைக்கு வரும்போது அந்த எதிர் வீட்டுக்காரங்க பேரோட வாங்க. இல்லேன்னா தோத்தீங்க" என்றாள். தன் நம்பரையும் சொன்னாள். என்ஜின்காரர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

ஆபீஸில் எல்லாப் பேச்சும் பதிவாகும். சூப்பர்வைசர் சித்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கோபமாக இருக்க முயற்சி செய்தான்.

"அக்கா, அந்தப் பெரியவர் நமக்கு உறுதியான ஆளு. கையெழுத்துக்கும் சரின்னுட்டாரு. நீங்க போய் அவரை யோசிக்க வெச்சிருக்கீங்க."

"அது தப்பா தம்பி?"

"வெளியில இல்ல. இங்க தப்பு."

"அப்ப நான் வெளியில போகட்டுமா?"

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "நான் அப்படிச் சொல்லலக்கா. மேல கேப்பாங்க, நான் என்னன்னு சொல்லுவேன்?"

"பொத்தான் மாறி அமுங்கிடுச்சுன்னு சொல்லுங்க."

"ரெண்டாவது நாளுமா?"

"பழக்கமாயிடுச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்தானா என்று சித்தியால் பார்க்க முடியவில்லை. வேலை போகவில்லை. ஆனால் அவளை வேறு வரிசைக்கு மாற்றினான். என்ஜின்காரரின் நம்பர் இனி அவள் ஸ்கிரீனில் வராது. வெள்ளிக்கிழமை ஆள் போவது நிச்சயம். அவர் என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியாது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. சித்தப்பாவிடம், "ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடுமோன்னு இருக்கு" என்றாள். "நீ வாயை மூடிட்டு இருந்தே இல்ல? அதுக்கு ஏதாவது பலன் இருக்கும்" என்றார் அவர். அவர் ஆறுதல் சொல்லும் லட்சணம் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கையெழுத்து வாங்கப்போன பையன் வேர்த்து விறுவிறுத்து வந்து சூப்பர்வைசரிடம் முறையிட்டான். ஆபீஸ் மொத்தமும் கேட்டது.

அவன் என்ஜின்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. என்ஜின்காரர் அங்கேயிருந்துதான் வெளியே வந்தார். பேரைத் தெரிந்துகொண்டு போய்த் தையல்காரம்மாவின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே வீம்பில், முதல் நாள் சாயங்காலம் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள் பேரைச் சொன்னார்கள், உள்ளே வரச் சொன்னார்கள், சின்னப் பிள்ளை அவர் ஓட்டிய ரயிலின் நீளம் என்னவென்று கேட்டது. அதைச் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் போதவில்லை. மீதியைச் சொல்ல மறுநாளும் போயிருக்கிறார்.

"கையெழுத்து சார்" என்று பையன் மனுவை நீட்டியிருக்கிறான்.

"உன் பேரென்ன?" என்றாராம்.

சொல்லியிருக்கிறான்.

"எந்தத் தெரு? வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க? நீ யாரு, எவருன்னே எனக்குத் தெரியாது. தெரியாத ஆளு நீட்டுற பேப்பர்ல எப்படிப்பா கையெழுத்துப் போடுறது? கவலையா இருக்காதா?"

பையன் சொல்லி முடித்தபோது, ஆபீஸில் யாரோ கை தட்டப்போய் நிறுத்திக்கொண்டார்கள். சூப்பர்வைசர், "சரி, தண்ணி குடி" என்று மட்டும் சொன்னான்.

பிரசாரத்தின் கடைசி நாள் எல்லோருக்கும் ஒரே வேலை. பழைய ஆள்களை மறுபடி கூப்பிட்டு, யாருக்கு ஓட்டு என்று உறுதி செய்ய வேண்டும். சித்தி சூப்பர்வைசரின் மேஜைக்குப் போனாள்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு நம்பர் வேணும்."

அவன் எந்த நம்பர் என்று கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். திறக்க வராத ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது?

சித்தி நம்பரைப் போட்டாள். எங்கேஜ்டு சத்தம். டூ, டூ என்று அடித்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டாள். அதே சத்தம். சந்தேகம் வந்து தையல்காரம்மாவின் நம்பரைப் போட்டாள். அதுவும் எங்கேஜ்டு.

எங்கேஜ்டு சத்தத்தை யாரும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சித்தி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எடுத்தாங்களாக்கா?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான் சூப்பர்வைசர்.

"எங்க எடுக்குறது? அவங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க."

ஸ்கிரீன் பதில் கேட்டு நின்றது. ஆதரவு, எதிர்ப்பு, எடுக்கவில்லை என்று மூன்றே பொத்தான்கள். என்ஜின்காரர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது இன்றுவரை சித்திக்குத் தெரியாது. எனக்கு இதைச் சொன்னபோது, அவள் குரலில் அதற்கான வருத்தம் துளியும் இல்லை. மூன்றில் எதையும் தொடாமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாளாம்.